டி.மின். படிக்க நினைக்கும் ஆயர்களும் போதகர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி, சுருக்கமாக டி.மின்., என்ற பட்டத்தைப் பற்றி ஊழியர் கூடுகைகளில் தேநீர் நேரத்தில் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தொலைபேசியில் தனியாகக் கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகக் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்து, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள், சபைப் பொறுப்பில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் இந்திய ஊழியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

டி.மின்.னா என்னங்க? பி.எச்.டி. மாதிரிதானே?

இரண்டும் முனைவர் நிலைப் பட்டங்கள்தான், ஆனால் நோக்கம் வேறு. இறையியலில் பி.எச்.டி. அல்லது டி.டி.எச். செய்பவர் ஒரு துறையின் அறிவை ஓர் அடியாவது முன்னே நகர்த்த வேண்டும். அவருக்கு நூலகமும் மூலமொழிகளும் மற்ற அறிஞர்களோடு விவாதமும்தான் களம். டி.மின். செய்பவருக்குக் களம் அவருடைய சொந்த ஊழியம்: அவர் பிரசங்கிக்கும் சபை, அவர் சந்திக்கும் நோயாளிகள், அவர் நடத்தும் விடுதி. அங்கே உள்ள ஒரு உண்மையான சிக்கலை எடுத்து, அதை ஆராய்ந்து, வேதத்தோடும் இறையியலோடும் உரசிப் பார்த்து, ஏதாவது ஒன்றைச் செய்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

இந்தப் பட்டம் அமெரிக்க செமினரிகளில், அதாவது இறையியல் கல்லூரிகளில், 1960களில் உருவாகி 1970களில் வேகமாகப் பரவியது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் ஊழியருக்கும் தொழில்முறையில் உயர்நிலைப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணமே அதற்குப் பின்னால் இருந்தது. பி.எச்.டி.யில் தேற முடியாதவர்கள் போகும் இடம் இது என்று சிலர் பேசுவார்கள். ஒரு நல்ல டி.மின். ஆய்வேட்டை முழுதாகப் படித்தவர் அப்படிப் பேச மாட்டார்.

எனக்கு பி.டி. மட்டும்தான் இருக்கு. சேர முடியுமா?

பி.டி. என்பது நம் ஊர் ஆயர்கள் படிக்கும் அடிப்படை இறையியல் பட்டம். அது போதுமா என்பது கல்லூரியைப் பொறுத்தது. அமெரிக்க, கனடிய செமினரிகளை அங்கீகரிக்கும் ஏ.டி.எஸ். அமைப்பு, டி.மின். சேர்பவருக்குத் தொடர்புள்ள துறையில் முதுநிலைப் பட்டமும் கணிசமான ஊழிய அனுபவமும் வேண்டும் என்கிறது. அங்கே வழக்கமான நுழைவுப் பட்டம் எம்.டிவ்., அதாவது மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி. நம்முடைய பி.டி.யை எம்.டிவ்.க்கு இணையாக ஏற்பதா, கூடுதல் பாடங்கள் கேட்பதா என்று ஒவ்வொரு செமினரியும் தனித்தனியாக முடிவு செய்கிறது. விண்ணப்பிக்கும் முன் மதிப்பெண் பட்டியலை அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்வதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

அனுபவம் என்ற நிபந்தனையை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். குருப்பட்டாபிஷேகம் முடிந்த கையோடு சேர்ந்தால் ஆராய்வதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஒரு சேகரத்திலாவது (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) முழுப் பொறுப்பில் இருந்து, ஒரு சண்டையையாவது தீர்த்து, ஒன்றையாவது தீர்க்க முடியாமல் விட்டுவிட்டு வாருங்கள். கேள்வி அங்கேதான் பிறக்கும்.

எத்தனை வருஷம் ஆகும்? சபையை விட்டுட்டுப் போகணுமா?

விட்டுவிட்டுப் போனால் இந்தப் பட்டத்துக்கே பொருளில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் ஆண்டுக்கு ஓரிரு முறை, ஒரு வாரம் இரண்டு வாரம் என்று நேரடி வகுப்பு இருக்கும். மற்ற நேரம் வாசிப்பும் எழுத்து வேலையும் சபையில் இருந்தபடியே நடக்கும். மூன்று ஆண்டில் முடிப்பவர்கள் உண்டு; ஐந்து ஆறு ஆண்டு எடுப்பவர்களே அதிகம்.

தாமதம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வரும். வகுப்புகள் முடிந்துவிடும், ஆய்வேடு நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், அதன்பின் கல்யாண மாதங்கள், அறுப்பின் பண்டிகை, நவம்பரில் தொடங்கி டிசம்பர் 31 இரவு ஆராதனை வரை ஓயாத வேலை. இதைச் சேரும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, உங்கள் சேகரத்தில் எந்த மாதங்கள் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருமோ அவற்றை எழுத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். தினமும் அரை மணி நேரம் எழுதலாம் என்ற திட்டம், முதல் அடக்க ஆராதனை வந்ததும் கலைந்துவிடும்.

"ப்ராஜெக்ட்" பண்ணணும்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன எழுதணும்?

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு ஆயர் "கிறிஸ்தவக் குடும்பத்தில் குடும்ப ஜெபத்தின் முக்கியத்துவம்" என்று தலைப்பு கொண்டுவருகிறார் என்று வையுங்கள். அதில் ஆராய ஒன்றும் இல்லை. விடை தலைப்பிலேயே இருக்கிறது. ஏன் இந்தத் தலைப்பு என்று தோண்டிக் கேட்டால், அவருடைய சேகரத்தில் நிறைய வீடுகளில் கணவர் வளைகுடாவில் இருக்கிறார், மனைவி மாமியாரோடும் பிள்ளைகளோடும் தனியாகச் சமாளிக்கிறார், அந்தப் பெண்கள் ஆராதனைக்கு வருகிறார்கள் ஆனால் யாரிடமும் எதையும் பேசுவதில்லை என்று சொல்வார். உண்மையான கேள்வி இதுதான்: கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்கு இந்தச் சபை எப்படித் துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது, என்ன செய்தால் மாறும்?

இந்த வகை ஆய்வை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையைப் பிரின்ஸ்டன் செமினரியின் நடைமுறை இறையியலாளர் ரிச்சர்ட் ஆஸ்மர் பரவலாக்கினார். என்ன நடக்கிறது? ஏன் நடக்கிறது? என்ன நடக்க வேண்டும்? அதற்கு நாம் எப்படிப் பதில் செய்வது? மேலே சொன்ன ஆயர் முதல் கேள்விக்காக அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்பார், சேகரப் பதிவேட்டைப் பார்ப்பார். இரண்டாவதற்கு இடப்பெயர்வு பற்றிய சமூகவியலையும் நம் கூட்டுக்குடும்ப வழக்கத்தையும் படிப்பார். மூன்றாவதில், விதவைகளான மருமகள் ரூத், மாமியார் நகோமி ஆகியோரின் வேதாகமக் கதையோடும், விதவைகளின் பந்தி விசாரிப்பில் எழுந்த முறுமுறுப்பைச் சொல்லும் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தோடும் மல்லுக்கட்டுவார். நான்காவதில், ஆறு மாதம் ஒரு சிறு குழுவை நடத்திப் பார்த்து அதன் விளைவை எழுதுவார்.

நம் ஊர் ஆய்வேடுகள் பல சறுக்குவது மூன்றாவது கேள்வியில். கருத்துக்கணிப்புப் படிவம், சதவீதம், வண்ண வரைபடம் எல்லாம் இருக்கும். வேதப் பகுதி என்று வந்ததும் வசனங்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆய்வேட்டின் இருதயமே அந்த அதிகாரம்தான். களத்தில் கேட்டது வசனத்தை வாசிக்கும் விதத்தை மாற்ற வேண்டும், வசனம் களத்தைப் பார்க்கும் விதத்தை மாற்ற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது சமூகப்பணி அறிக்கை, அவ்வளவுதான்.

நோயாளியைப் பார்த்துப் பேசினதை வரிக்கு வரி எழுதிட்டு வரச் சொல்றாங்களாமே, எதுக்கு?

அதற்கு வெர்பேட்டிம் என்று பெயர். மருத்துவமனை ஊழியப் பயிற்சியிலிருந்து வந்தது. தானே மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்து மீண்ட ஆன்டன் பாய்சன் என்ற போதகர், 1925ல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைக் கொண்டுவந்து பயிற்சி தொடங்கினார். நோயாளிகளை உயிருள்ள ஆவணங்களாக வாசிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பயிற்சி நடக்கிறது. டி.மின். பாடத்திட்டங்கள் பலவும் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டன.

எப்படி இருக்கும் என்பதற்கு நான் புனைந்த ஒரு துண்டு:

நோயாளி: எப்ப வீட்டுக்குப் போவேன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க ஐயா.
ஆயர்: கர்த்தர் பார்த்துக்குவார், பயப்படாதீங்க. ஜெபம் பண்ணலாமா?
நோயாளி: சரிங்க ஐயா.

மூன்றே வரி. குழுவில் இதை வாசித்ததும் கேள்விகள் வரும். அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார்? பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லையே, நீங்கள் ஏன் பயத்தைப் பற்றிப் பேசினீர்கள்? "சரிங்க ஐயா" என்றது சம்மதமா, மரியாதையா? ஜெபத்தை அவருக்காகத் தொடங்கினீர்களா, அந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதற்காகவா? இருபது வருடம் ஊழியம் செய்தவருக்கு இந்தக் கேள்விகள் வலிக்கும். ஆனால் இந்தப் படிப்பில் ஒரு ஊழியரை உண்மையில் மாற்றுவது எது என்று என்னிடம் கேட்டால், புத்தகங்களுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் எழுதலாமா?

பெரும்பாலான கல்லூரிகள் ஆங்கிலத்தில்தான் கேட்கின்றன. ஆனால் நேர்காணல்களைத் தமிழிலேயே நடத்தி, தமிழிலேயே எழுதிவைத்து, முக்கியமான பகுதிகளைத் தமிழில் தந்து கீழே ஆங்கிலத்தில் விளக்க அனுமதி கேளுங்கள். "மனசு ஆறலை" என்று ஒரு அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் மட்டும் பதிந்தால் பாதி போய்விடும்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969ல் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்வழி இறையியல் கல்விக்கு உழைத்திருக்கிறது. அப்படிப் படித்தவர்கள் ஆங்கிலத் தயக்கத்தால் மட்டும் மேற்படிப்பைக் கைவிடுவது வருத்தமானது. ஆய்வு முடிந்ததும் சாரத்தைத் தமிழில் சிறு நூலாக்கிச் சபைக்குக் கொடுங்கள். உங்களிடம் மனம்விட்டுப் பேசியவர்களுக்கு அது கிடைக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம்? அங்கீகாரம்னு எதைப் பார்க்கணும்?

மூன்று பெயர்கள் தெரிந்திருந்தால் போதும். முதலாவது, வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட். வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1818ல் தொடங்கிய கல்லூரிக்கு 1827ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் பட்டம் வழங்கும் சாசனம் தந்தார். செராம்பூர் அப்போது டேனிஷ் ஊர், நம் தரங்கம்பாடியைப் போல. இரண்டையும் ஆங்கிலேயர் 1845ல் விலைக்கு வாங்கினார்கள். பின்னர் 1918ல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் இன்றுவரை அந்த அதிகாரம் செயல்படுகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் ஆயர்களில் பெரும்பாலோரின் பி.டி. இங்கிருந்து வந்ததுதான். டி.மின்.னும் இந்த அமைப்பில் உண்டு.

இரண்டாவது, 1970ல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கம், அதாவது ஏ.டி.ஏ. சுவிசேஷகச் சார்புள்ள செமினரிகள் பல இதன் அங்கீகாரம் பெற்றவை. மூன்றாவது மேலே சொன்ன ஏ.டி.எஸ்., வெளிநாட்டு செமினரிகளுக்கு. மூன்று அமைப்புகளும் தங்களோடு இணைந்த கல்லூரிகளின் பட்டியலை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயர் மட்டுமல்லாமல், அந்தக் கல்லூரியின் டி.மின். அங்கீகரிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். பி.டி.க்கு அங்கீகாரம் வாங்கிய இடம் டி.மின்.னுக்கும் வாங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

யு.ஜி.சி. அங்கீகாரம் இல்லன்னா செல்லாதுதானே?

எதற்குச் செல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, நாடாளுமன்றம் அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். செராம்பூருக்குத் தனிச் சட்டப் பின்னணி இருக்கிறது. ஏ.டி.ஏ. அங்கீகாரம் திருச்சபைகளுக்கும் செமினரிகளுக்கும் இடையில் மதிப்புள்ளது. அரசு அங்கீகாரம் அல்ல.

டி.மின். வைத்து அரசு உதவிபெறும் கலைக்கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகலாமா என்றால், அந்த எண்ணத்தோடு இதில் சேராதீர்கள். அதற்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலையும் நெட் தகுதித் தேர்வு அல்லது பி.எச்.டி.யும் என்று தனி வழி இருக்கிறது. சபையிலும் மருத்துவமனையிலும் விடுதியிலும் ஊழியம் செய்பவருக்கு இந்தக் கேள்வியின் கனம் குறைவு.

பணம் கட்டினா மூணு மாசத்துல டாக்டர் பட்டம் தர்றாங்களாம், ஓட்டல்ல விழா வச்சு. அதுவும் டி.மின்.தானே?

இல்லை. அந்தச் சான்றிதழில் டி.மின். என்று அச்சிட்டிருந்தாலும் இல்லை. நூலகம் எங்கே, வழிகாட்டி யார், ஆய்வேடு எங்கே வைக்கப்படும், வாய்மொழித் தேர்வு யார் எடுப்பார், மேலே சொன்ன மூன்று அமைப்புகளில் எது அங்கீகரித்தது என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் வராமல் அங்கியின் வாடகையும் சாப்பாட்டுக் கட்டணமும் பற்றிய விவரம் மட்டும் வந்தால், முடிவு எடுப்பது எளிது.

கௌரவ டாக்டர் பட்டம் வேறு விஷயம். நீண்ட சேவைக்காக ஒரு உண்மையான பல்கலைக்கழகம் தானாக முன்வந்து தருவது அது. வாங்குபவர் பணம் கட்டுவதில்லை. அப்படிப் பெற்றவர்களும் பெயருக்கு முன் "டாக்டர்" போடாமல் இருப்பதே நல்ல மரபு. விலைக்கு வாங்கிய பட்டத்தைப் போஸ்டரில் போட்டுக்கொண்டு அதே வாயால் சத்தியத்தைப் பிரசங்கிப்பதை, சபையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் செல்போனில் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் ஏறாது. எனக்கு இதில் கோபமே உண்டு.

நான் சுயாதீன சபை நடத்துறேன். பைபிள் காலேஜ் டிப்ளமோதான். இருபது வருஷ ஊழியத்துக்கு மதிப்பு இல்லையா?

மதிப்பு நிச்சயம் உண்டு, ஆனால் அது பட்டப்படிப்பின் அடித்தளத்துக்குப் பதிலாகாது. அடித்தளம் இல்லாமல் நுழைந்தால் முதல் வகுப்பிலேயே திணறுவீர்கள். செராம்பூரின் வெளிநிலைப் படிப்புகள், பெங்களூரிலிருந்து நடக்கும் டாஃப்டியின் விரிவாக்கக் கல்வி போன்றவை ஊழியத்தில் இருந்தபடியே படிப்படியாக ஏறுவதற்காகவே இருக்கின்றன. நேரம் எடுக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன ஓட்டல் விழாக்கள் குறிவைப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற உண்மையான உழைப்பாளிகளைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செலவை சபை ஏத்துக்கணுமா?

பங்கு கொடுத்தால் நல்லது, ஏனெனில் பலன் சபைக்கும் வருகிறது. ஆனால் சேகரக் கமிட்டியில் வைத்து, தொகையைச் சொல்லி, மினிட்டில் ஏற்றி வாங்குங்கள். கல்விக் கட்டணம் மட்டுமல்ல, பயணம், தங்குமிடம், புத்தகம், ஆய்வேடு அச்சு, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் முதலிலேயே கூட்டிச் சொல்லுங்கள். பாதியில் இரண்டாவது முறை கேட்கப் போனால்தான் பேச்சு வரும்.

என் வீட்டுக்காரர் சேரணும்னு நிக்கிறார். இப்பவே வீட்டுல இருக்கிறதில்ல. நான் என்ன சொல்றது?

இதைக் கேட்டது ஒரு ஆயரம்மா. நிறைய பேர் கேட்க நினைப்பதும்கூட. அம்மா, சேருவதற்கு முன் அவரிடம் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள். இருக்கிற வேலைகளின் மேல் இதையும் ஏற்றிவைத்தால் குறைவது வீட்டு நேரமாகத்தான் இருக்கும். வெளியூர்க் கன்வென்ஷன் அழைப்புகளையா, திருமண்டலக் கமிட்டிகளில் ஒன்றையா, எதை நிறுத்துகிறார் என்று பெயர் சொல்லி முடிவாகட்டும். திங்கட்கிழமை ஓய்வை எழுத்துக்காக எடுத்துக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவுல மாற்றல் வந்துட்டா ஆய்வு என்ன ஆகும்?

திருமண்டல ஊழியர்களுக்கு இதுதான் பெரிய கண்டம். களமே கைவிட்டுப் போய்விடும். சேரும்போதே பேராயரிடம் எழுத்தில் தெரிவித்து, களப்பணி முடியும்வரை அந்தச் சேகரத்தில் இருக்க முடியுமா என்று கேட்பது முதல் வழி. உறுதி கிடைக்காவிட்டால், எந்தச் சேகரத்துக்குப் போனாலும் தொடரக்கூடிய கேள்வியை எடுங்கள்: உங்கள் பிரசங்கத் தயாரிப்பு, திருமண ஆயத்த ஆலோசனை, அடக்க ஆராதனைக்குப் பின் குடும்பங்களைத் தொடர்ந்து சந்திப்பது போன்றவை. களப்பணியை முதல் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிட்டால், எழுதுவதை எங்கிருந்தும் செய்யலாம்.

என் சபை மக்களையே நான் ஆராயலாமா? தப்பில்லையா?

தப்பில்லை, ஆனால் ஆபத்து உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது, "உங்களைப் பேட்டி எடுக்கலாமா" என்று கேட்டால் யார் முடியாது என்பார்கள்? அந்தச் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. அதனால் அழைப்பை நேரில் கேட்காமல், சபையில் பொதுவாக அறிவித்து, விருப்பமுள்ளவர்கள் வேறொருவரிடம் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்காணலை இன்னொரு சேகரத்து ஊழியரோ பயிற்சி பெற்ற பெண் ஒருவரோ எடுப்பது இன்னும் நல்லது. நடுவில் விலகலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். "மேலத்தெருவில் குடியிருக்கும், கணவர் குவைத்தில் இருக்கும் ஆசிரியை" என்று எழுதினால் ஊருக்கே தெரியும் அது யார் என்று. தெரு, வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கலைத்து எழுத வேண்டும். ஆயராக நம்பி உங்களிடம் தனிமையில் சொன்னது எதுவும் ஆய்வேட்டுக்குள் வரவே கூடாது, சம்மதம் கேட்டும் கூடாது என்பது என் கருத்து. ஆய்வுக்கென்று சொன்னதை மட்டுமே எடுங்கள்.

எழுதிக் கொடுக்க ஆள் இருக்காங்க. இப்ப ஏ.ஐ.யும் இருக்கு. பயன்படுத்தலாமா?

ஆள் வைத்து எழுதுவது ஏமாற்று, அதில் பேச ஒன்றுமில்லை. ஏ.ஐ.யைப் பொறுத்தவரை கல்லூரியின் விதியை முதலில் வாசியுங்கள். ஆங்கில நடை திருத்த அனுமதிப்பவர்கள் உண்டு. நேர்காணல் பதிவுகளை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன இரகசியம் அங்கேயே முடிந்துவிடும்.

பெண் ஆயருக்கு இதனால ஏதாவது வழி திறக்குமா?

சி.எஸ்.ஐ. 1976லிருந்து பெண்களை ஆயர்களாக அபிஷேகம் செய்கிறது. ஆனாலும் உதவி ஆயராக வைத்துக்கொள்வதும், பெண்கள் ஐக்கிய சங்க வேலைக்கு அனுப்புவதும் பல இடங்களில் தொடர்கிறது. பட்டம் மட்டும் இதை மாற்றாது. ஆனால் பிரசவ இழப்பு, குடும்ப வன்முறை, விதவைகளைக் கல்யாண வீட்டில் ஒதுக்கிவைப்பது போன்றவற்றில் ஆண் ஆயர் காதில் விழாததைப் பெண் ஆயர் கேட்கிறார். அதை முறையாக எழுதிவைக்க இந்தப் படிப்பு கருவி தருகிறது. பேராயர் பதவிக்கு இது தகுதியாகுமா என்றும் ஆண்கள் கேட்கிறார்கள். அங்கே பட்டத்தைவிட வேறு கணக்குகளே முன்னால் நிற்கின்றன. அதற்காகப் படிக்க வேண்டாம்.

ஆராய்ஞ்சு பார்த்தா நான் பத்து வருஷமா நடத்துன ஊழியத்தால பலனே இல்லன்னு தெரிஞ்சா? அதையும் எழுதணுமா?

எழுத வேண்டும். நல்ல தேர்வாளர் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்; பலன் இருந்ததாகச் சோடித்தால்தான் குறைப்பார். "ப்ராஜெக்ட்" பற்றிய கேள்வியில் சொன்ன உதாரணத்தையே எடுத்தால், அந்த ஆயர் நடத்திய குழுவுக்கு இரண்டாம் மாதத்திலிருந்து யாருமே வரவில்லை என்று வையுங்கள். ஏன் வரவில்லை? ஆயர் வீட்டில் கூட்டம் வைத்ததாலா, மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் அக்கம்பக்கம் பேசும் என்பதாலா, ஜெபத்தில் தொடங்கி அறிவுரையில் முடிந்ததாலா? இதற்கு விடை தேடி எழுதும் அதிகாரம், வெற்றி அறிக்கையைவிடப் பக்கத்துச் சேகரத்து ஆயருக்குப் பயன்படும்.

வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள், கடைசி அத்தியாயம் வரை மறைத்து வைக்காதீர்கள். சேகரக் கமிட்டியிடமும் சொல்லுங்கள். சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும்: குழுவுக்கு வராத பெண்கள் மேல் பழி விழாதபடி, கூட்டம் அமைந்த விதத்தில் இருந்த குறையாக அதை முன்வையுங்கள். அடுத்த முறை எங்கே, எந்த நேரத்தில், யார் நடத்தினால் வருவார்கள் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதிய பக்கங்களோடு ஆய்வேடு முடியலாம்.